அனுமதி அட்டையும் அவசரப் பிரிவும்: அயல்நாட்டு மருத்துவமனைகளை ஒப்பிடுவது பற்றி

1. கேள்வி

சிங்கப்பூரில் மருத்துவமனைகள் எப்படி? அங்கே வேலை பார்க்கும் இரண்டு தமிழர்களிடம் இதைக் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். சாங்கி வணிகப் பூங்காவில் மென்பொருள் வேலையில் இருப்பவர், சுத்தம், ஒழுங்கு, கைப்பேசியிலேயே முன்பதிவு, செலவுதான் கொஞ்சம் கையைக் கடிக்கும் என்பார். துவாஸ் பக்கம் தொழிலாளர் விடுதியில் தங்கிக் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவர், "ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான், கம்பெனி லெட்டர் இருந்தாப் போதும்" என்பார். இருவரும் ஒரே அரசு மருத்துவமனையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஒருவரே, எக்ஸ்ரே இயந்திரம் ஒன்றே. இருவர் சொல்வதும் உண்மை.

வெளிநாட்டில் வாழும் ஒருவர் அந்நாட்டு மருத்துவமனையை ஊர் மருத்துவமனையோடும் பிற நாட்டு மருத்துவமனையோடும் ஒப்பிடும்போது உண்மையில் எதை ஒப்பிடுகிறார் என்பது இக்கட்டுரையின் கேள்வி. மருத்துவத்தின் தரத்தைத்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். அவர் சொல்வதில் பெரும்பகுதி அவருடைய குடியேற்ற நிலையைப் பற்றியது என்பது என் வாதம். கையில் உள்ள அனுமதி அட்டை எந்த வகை, செலவுக்கு யார் பொறுப்பு, நோயைப் பற்றிய செய்தி யாருடைய மேசைக்குப் போகிறது, ஓய்வு தேவை என்று மருத்துவர் எழுதினால் அது உண்மையில் கிடைக்கிறதா என்பவையே அவர் அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூரை விரிவாகவும், குவைத், தாய்லாந்து, பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றைத் தேவையான அளவுக்கும் எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரை முதன்மையாக்கக் காரணம் உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. மருத்துவமனை அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, தமிழ் பேசும் செவிலியரும் கிடைப்பார்கள். அயல்நாட்டு மருத்துவமனை என்றாலே முதலில் சொல்லப்படும் மொழித்தடை தமிழ்த் தொழிலாளிக்கு இங்கே ஓரளவு விலகிவிடுகிறது. அதனால் மற்றத் தடைகளைத் தனியே பார்க்க முடிகிறது.

2. தரவரிசைகள் சொல்லாதவை

நாடுகளின் மருத்துவ அமைப்புகளை வரிசைப்படுத்தும் முயற்சிகளில் மிகவும் பேசப்பட்டது உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் வெளியிட்ட பட்டியல். 191 நாடுகளில் பிரான்சுக்கு முதலிடம். சிங்கப்பூர் 6, ஓமன் 8, ஜப்பான் 10, பிரிட்டன் 18, குவைத் 45, தாய்லாந்து 47, இந்தியா 112. கணக்கிட்ட முறை அப்போதே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அப்படியொரு பட்டியலை நிறுவனம் மீண்டும் வெளியிடவில்லை. ஆனாலும் கால் நூற்றாண்டு கழிந்தபின்னும் மருத்துவச் சுற்றுலா விளம்பரங்களில் அந்த எண்கள் தலைகாட்டுகின்றன.

முறையியல் விமர்சனங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. இத்தகைய குறியீடுகள் ஒரு நாட்டுக்கு ஓர் எண்ணைத் தருகின்றன. ஓமனிலோ குவைத்திலோ உழைப்பவர்களில் பெரும்பகுதியினர் அயலார். அவர்களும் குடிமக்களும் ஒரே வாசல் வழியாக மருத்துவமனைக்குள் போவதில்லை. இரண்டு வாசல்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் எந்த நோயாளியின் அனுபவத்தையும் குறிக்காது.

மருத்துவமனைகளுக்குத் தரப்படும் சர்வதேசத் தரச்சான்றின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பாங்காக்கின் பும்ருங்ராட் மருத்துவமனை 2002இல் ஜே.சி.ஐ. சான்று பெற்றது. ஆசியாவில் அதைப் பெற்ற முதல் மருத்துவமனை அதுதான். மருந்து மாறிவிடாமல் இருக்கவும், அறுவை அரங்கில் பக்கம் மாற்றி வெட்டிவிடாமல் இருக்கவும் என்னென்ன நடைமுறைகள் உள்ளன என்று அந்தச் சான்று பார்க்கிறது. அது முக்கியமான வேலை. ஆனால் சான்று பெற்ற மருத்துவமனையின் வாசலுக்கே வர முடியாத அண்டை நாட்டுத் தொழிலாளியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சொல்ல வேண்டியது அதன் வேலையும் இல்லை.

வெளிநாட்டுவாசிகளிடம் இணையவழி நடத்தப்படும் திருப்திக் கணிப்புகளை நான் இன்னும் குறைவாகவே நம்புகிறேன். ஆங்கிலத்தில் அரை மணி நேரம் படிவம் நிரப்பப் பொறுமையும் ஓய்வும் உள்ளவர்கள் பெரும்பாலும் நிறுவனக் காப்பீடு பெற்ற உயர்நிலை ஊழியர்கள், அல்லது ஓய்வூதியத்தோடு வெப்பநாட்டில் குடியேறியவர்கள். பன்னிரண்டு மணி நேரம் சாரத்தில் நின்று திரும்பியவர் அந்தப் படிவத்தைப் பார்ப்பதே இல்லை.

3. சிங்கப்பூர்: பில்லில் இல்லாத வரி

சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளில் படுக்கைகள் ஏ, பி1, பி2, சி என வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டவை. பி2, சி வகுப்புகளுக்குப் பெருமளவு அரசு மானியம் உண்டு. குறைந்த வருமானமுள்ள குடிமகனுக்கு சி வகுப்பில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். கட்டண அட்டவணையைத் திறந்தால் குடிமகன், நிரந்தரவாசி, அயலார் எனத் தனித்தனிப் பத்திகள். 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் அயலாருக்கான மானியம் விலக்கப்பட்டது. அதற்கு ஈடாக, வேலை அனுமதியில் வரும் ஒவ்வொருவருக்கும் முதலாளி மருத்துவக் காப்பீடு எடுப்பது 2008 முதல் கட்டாயமாயிற்று.

குடிமகனின் பில்லையும் அயலாரின் பில்லையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். குடிமகனின் பில்லில் அறை வாடகை, சிகிச்சை, பரிசோதனை, மருந்து என்று தொகைகள் ஏறிக்கொண்டே வந்து, அரசு மானியம் என்ற வரியில் சட்டென்று இறங்கும். அடுத்து மெடிஷீல்டு காப்பீடு, மெடிசேவ் சேமிப்பு என்று மேலும் இறங்கும். அயலாரின் பில்லில் அந்த இறக்கங்கள் எதுவும் இல்லை. 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரி கடைசியில் ஏறும். மானிய வகுப்பு நோயாளிக்கு அந்த வரியை அரசே ஏற்றுக்கொள்கிறது. அதே வார்டில், பக்கத்துக் கட்டிலில், அதே கஞ்சியைக் குடித்தவருக்கு வரியோடு சேர்த்து வருகிறது.

நல்ல நிறுவனக் காப்பீடு உள்ள மென்பொருள்காரர் இந்தப் பில்லைப் பார்த்துக் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கடந்துபோவார். அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 18 வெள்ளி என்பது இந்திய, வங்கதேசக் கட்டுமானத் தொழிலாளர்களிடையே நெடுங்காலம் சாதாரணம். அந்தச் சம்பளத்தில் அவசரப் பிரிவின் நூறு வெள்ளிக்கு மேற்பட்ட கட்டணம் ஒரு வார உழைப்பு. சட்டப்படி அதை அவர் கட்டத் தேவையில்லை. வேலை அனுமதியாளரின் பராமரிப்பும் மருத்துவச் செலவும் முதலாளியின் பொறுப்பு என்று அயல்நாட்டு மனிதவள விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஏட்டளவில் இது உலகின் மிக வலுவான பாதுகாப்புகளில் ஒன்று என்றுகூடச் சொல்லலாம்.

சிக்கல் செயல்முறையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு மருத்துவமனை சிகிச்சை தந்துவிடும். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை, ஸ்கேன், தொடர் பிசியோதெரபி என்று வரும்போது கட்டணத்துக்கு உத்தரவாதம் கேட்கும். முதலாளி தர வேண்டிய உத்தரவாதக் கடிதம் அது. தொழிலாளர்கள் 'கம்பெனி லெட்டர்' என்பது இதைத்தான். கடிதம் வந்தால் எல்லாம் கடிகாரம் போல நடக்கும். வராவிட்டால் சந்திப்புத் தேதி தள்ளிப்போகும். புலம்பெயர் தொழிலாளர்களுக்காக இயங்கும் டி.டபிள்யூ.சி.2, ஹோம் போன்ற அமைப்புகள் இந்தக் கடிதப் பிரச்சினையைத் தொடர்ந்து பதிவு செய்து வந்திருக்கின்றன. இங்கே மருத்துவமனையைக் குறை சொல்வது எளிது, ஓரளவு அநியாயமும்கூட. சட்டம் பொறுப்பை முதலாளியிடம் வைத்தது. முதலாளி அந்தப் பொறுப்பை மறுத்தால் உடனே இட்டு நிரப்பும் பொது நிதி எதையும் அது வைக்கவில்லை. அந்த இடைவெளி மருத்துவமனைக் கவுன்டரில் வெளிப்படுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் நாட்டின் குடியேற்றக் கொள்கையை நோயாளிக்கு விளக்க வேண்டியவராகிவிடுகிறார்.

காப்பீட்டுத் தொகையின் வரலாறு இதையே காட்டுகிறது. குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளியாகப் பல ஆண்டுகள் நின்றது. ஒரு மூளை ரத்தக்கசிவோ பெரிய விபத்தோ அந்தத் தொகையை ஒரு வாரத்தில் விழுங்கிவிடும். மீதியை முதலாளி கட்ட வேண்டும். ஐந்தாறு பேரை வைத்துத் துணை ஒப்பந்தம் செய்யும் சிறு முதலாளிக்கு அது கடையை மூடும் தொகை. 2023 ஜூலை முதல் வரம்பு 60,000 வெள்ளியாக உயர்ந்தது. 15,000க்கு மேற்பட்ட பகுதியில் முதலாளி 25 விழுக்காட்டை ஏற்க வேண்டும். 2025 ஜூலை முதல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறையும், எந்தெந்த நோய்க்குக் காப்பீடு இல்லை என்ற விலக்குகளைச் சீராக்கும் விதியும் வந்திருக்கின்றன. இந்த இரண்டாம் கட்டம்தான் என் பார்வையில் முக்கியமானது. வரம்பை உயர்த்துவது கடிதத்தின் மதிப்பைக் கூட்டுகிறது. நேரடிச் செலுத்தல் கடிதத்தின் தேவையையே குறைக்கக்கூடும்.

4. மருத்துவ விடுப்பு என்னும் மருந்து

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது பாதி சிகிச்சை. மீதி ஓய்வு. சிங்கப்பூரில் எல்லாரும் எம்.சி. என்று சொல்லும் மருத்துவ விடுப்புச் சான்றுதான் அந்த மீதிப் பாதியின் வடிவம். வேலைவாய்ப்புச் சட்டப்படி தகுதி பெற்ற ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள் வெளிநோயாளி விடுப்பும், மருத்துவமனை அனுமதியையும் சேர்த்து 60 நாளும் சம்பளத்தோடு உண்டு. அயலாருக்கும் இது பொருந்தும்.

எம்.சி.யோடு சேர்ந்து 'லைட் டியூட்டி' என்று ஒன்று எழுதப்படும். பாரம் தூக்காமல் செய்யக்கூடிய இலகு வேலை என்று பொருள். அலுவலக ஊழியருக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை. கம்பி கட்டும் தொழிலாளிக்குக் கட்டட வேலையிடத்தில் இலகு வேலை என்ன இருக்கிறது? வலது கையில் கட்டோடு கிடங்கு வாசலில் உட்கார வைப்பார்கள், துடைப்பத்தைக் கொடுப்பார்கள், அல்லது கட்டை மறந்துவிடச் சொல்வார்கள். இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் இருந்தது. வேலையிட விபத்தில் 3 நாளுக்கு மேல் விடுப்பு தரப்பட்டாலோ 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலோ முதலாளி மனிதவள அமைச்சுக்கு அறிக்கை தர வேண்டும் என்பது பழைய விதி. எனவே 2 நாள் விடுப்பும் அதற்குப்பின் இலகு வேலையும் என்ற சேர்க்கை முதலாளிக்கு வசதியானது.

2016இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று இந்தப் பின்னணியில் படிக்கத் தக்கது. கை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கட்டுமானத் தொழிலாளி ஒருவருக்கு, தனியார் மருத்துவமனை எலும்பு சிகிச்சை நிபுணர் 2 நாள் விடுப்பும் அதன்பின் இலகு வேலையும் எழுதித் தந்தார். ஒழுங்கு நடுவர் மன்றம் மருத்துவரைக் குற்றமற்றவர் என்றது. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் மேல்முறையீடு செய்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அவரை 6 மாதம் இடைநீக்கம் செய்தது. தீர்ப்பின் சாரம், இலகு வேலை என்று எழுதும் மருத்துவர் அப்படியொரு வேலை அந்த நோயாளிக்கு உண்மையில் இருக்கிறதா, ஓய்வெடுக்க வழி இருக்கிறதா என்று விசாரித்திருக்க வேண்டும் என்பது. அறுவைச் சிகிச்சை சரியில்லை என்று யாரும் குற்றம் சாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தரச்சான்றுகள் அளக்கும் எல்லா அளவுகோல்களிலும் அந்தச் சிகிச்சை தேறியிருக்கலாம்.

2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த புதிய வேலைக்காயச் சட்டம் அந்த 3 நாள் வரம்பை எடுத்துவிட்டது. இப்போது ஒரு நாள் விடுப்பானாலும், இலகு வேலை மட்டும் எழுதப்பட்டாலும் முதலாளி அறிக்கை தர வேண்டும். மருத்துவத்தில் ஒரு மாற்றமும் நிகழாமல் நோயாளியின் நிலையை மேம்படுத்திய சீர்திருத்தத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

காயத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்கில் இருப்பவரின் நிலை இன்னொரு படி சிக்கலானது. வேலை அனுமதி ரத்தானபின் அவர் சிறப்பு அனுமதியில் தங்குகிறார். சிகிச்சை தொடரும், ஆனால் வேலை செய்யக்கூடாது. லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 அமைப்பு 2008 முதல் இலவச உணவு வழங்கிவருவது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். உலகின் ஆறாவது சிறந்த மருத்துவ அமைப்பு என்று பட்டியலிடப்பட்ட நாட்டில், கைக்கு பிசியோதெரபி முடித்துவிட்டு வருபவர் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்.

வீட்டுப் பணிப்பெண்களுக்கு மருத்துவமனை வேறு முகம் காட்டுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை. கர்ப்பமும் சில தொற்றுநோய்களும் அதில் பார்க்கப்படுகின்றன. கர்ப்பம் உறுதியானால் பொதுவாக வேலை அனுமதி போய்விடும், ஊர் திரும்ப வேண்டும். பரிசோதிக்கும் மருத்துவர் இங்கே அனுமதி அமைப்பின் கண்ணாகவும் இருக்கிறார். அவரிடம் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எவ்வளவு மனம் திறந்து பேச முடியும்? மருத்துவச் சேவையின் தரம் பற்றிய எந்த வினாப்பட்டியலிலும் இந்தக் கேள்வி இருந்ததாக நான் பார்க்கவில்லை.

கொரோனா இந்த அமைப்பின் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் வெளிச்சமிட்டது. 2020இல் விடுதிகளில் தங்கியிருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் 54,500 பேருக்குப் பரிசோதனையில் தொற்று உறுதியானது. ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது என அவ்வாண்டு டிசம்பரில் அரசே அறிவித்தது. உயிரிழந்தோர் மிகச் சிலர். இளவயதும் காரணம், சிகிச்சையும் காரணம். சிகிச்சைச் செலவை அரசு ஏற்றது. விடுதி வாசலிலேயே மருத்துவ முகாம்கள் வந்தன. ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேரைப் படுக்க வைக்கும் ஏற்பாடுதான் நோயைப் பரப்பியது. அதைக் குணப்படுத்தும் திறமை நாட்டில் முன்பிருந்தே இருந்தது. கடிதம் கேட்காமல் அந்தத் திறமையைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது அந்த ஆண்டில் தெரிந்தது.

அதன் நிலைத்த விளைவு 2022 ஏப்ரலில் தொடங்கிய அடிப்படை மருத்துவத் திட்டம். விடுதிகளில் தங்குவோருக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலை செய்வோருக்கும் முதலாளி ஆண்டுக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். தொழிலாளி ஒவ்வொரு முறையும் 5 வெள்ளி, தொலைமருத்துவத்துக்கு 2 வெள்ளி கொடுத்தால் போதும். காய்ச்சலுக்கும் இடுப்பு வலிக்கும் மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டிய நிலையை இது பெருமளவு மாற்றியிருக்கிறது. மருத்துவமனை அளவில் அதே மாற்றம் இன்னும் வரவில்லை.

5. மற்ற வாசல்கள்

குவைத்தில் பிரிவினை நேரத்தின் வடிவில் வந்தது. 2013இல் ஜஹ்ரா மருத்துவமனையில் காலை வெளிநோயாளிப் பிரிவு குடிமக்களுக்கு, மாலை அயலாருக்கு என்று ஒரு சோதனை ஏற்பாடு நடந்தது. 2017 அக்டோபரில் அயலாருக்கான கட்டணங்கள் உயர்ந்தன. 2022 டிசம்பரில் மருந்துக்கென்று தனியே, அடிப்படை மருத்துவ நிலையத்திலும் அவசரப் பிரிவிலும் 5 தினார், சிறப்பு வெளிநோயாளிப் பிரிவில் 10 தினார் என்று சேர்ந்தது. மருந்துக் கட்டணம் இல்லாத குவைத்தைப் பார்த்தவர் சொல்வதும், 2023இல் போனவர் சொல்வதும் ஒத்துவராது. 'குவைத்தில் வைத்தியம் ஓசி' என்று ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய குவைத் வேறு.

தாய்லாந்து அயலாரையே வகை பிரித்திருக்கிறது. 2002இல் சட்டமான அனைவருக்குமான மருத்துவத் திட்டம், 30 பாட் திட்டம் என்று புகழ்பெற்றது, தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும். வேலை அனுமதியோடு முறையான வேலையில் இருக்கும் அயலார் சமூகப் பாதுகாப்பு நிதியில் சேர்கிறார். சம்பளத்தில் 5 விழுக்காடு, பல ஆண்டுகள் மாதம் 750 பாட் என்றிருந்த உச்சவரம்போடு, செலுத்தினால் பதிவு செய்துகொண்ட மருத்துவமனையில் கட்டணமின்றி சிகிச்சை. 2019இல் பொதுச் சுகாதார அமைச்சகம் அரசு மருத்துவமனைக் கட்டணங்களுக்காக அயலாரை மூன்றாகப் பிரித்தது: அண்டை நாட்டவர், வேலை அனுமதியாளர், ஓய்வுபெற்றோரும் சுற்றுலாப் பயணிகளும் உள்ளிட்ட மற்றவர். கடைசி வகைக்குக் கட்டணம் அதிகம். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், ஓய்வுக்கால ஓ-ஏ விசாவுக்கு உள்நோயாளிச் செலவுக்கு 4,00,000 பாட், வெளிநோயாளிச் செலவுக்கு 40,000 பாட் காப்பீடு கட்டாயமாயிற்று. எழுபது வயதைக் கடந்த, ஏற்கெனவே சர்க்கரையோ இதயநோயோ உள்ள வெளிநாட்டவருக்குக் காப்பீடு கிடைப்பதே பெரும்பாடு. தன்னிடம் இரட்டை விலை வாங்குகிறார்கள் என்று ஹுவா ஹின்னில் குடியிருக்கும் ஐரோப்பியர் முறையிடுகிறார். அவர் முறையீட்டில் நியாயம் உண்டு. ஆனால் அதே மாகாணத்தில் மீன் பதப்படுத்தும் ஆலையில் பதிவின்றி வேலை செய்யும் மியான்மர்ப் பெண்ணின் குரல் இந்த விவாதத்தில் கேட்பதே இல்லை.

பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவையைப் பயன்படுத்த, விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டிய கூடுதல் தொகை 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கி 2024இல் 1,035 பவுண்டை எட்டியது. 2020 வரை இந்தியாவிலிருந்து போன செவிலியர்களும், தாங்கள் வேலை செய்யும் அதே மருத்துவமனையில் நோயாளியாகும் உரிமைக்காக இதைக் கட்டினார்கள். பெருந்தொற்றின் நடுவில் எழுந்த எதிர்ப்பில்தான் மருத்துவப் பணியாளர்களுக்கு விலக்கு கிடைத்தது.

இவற்றுக்கெல்லாம் மாற்றுச் சான்றாக ஜப்பானைப் பார்க்க வேண்டும். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேரக் குடியுரிமை வேண்டும் என்ற நிபந்தனை 1986இல் முழுமையாக நீங்கியது. 2012 முதல், 3 மாதத்துக்கு மேல் தங்க அனுமதி பெற்று முகவரிப் பதிவு செய்த அயலார், நிறுவனக் காப்பீட்டில் இல்லாவிட்டால், அதில் சேர்ந்தே ஆக வேண்டும். சிகிச்சைக் கட்டணங்களை நாடு முழுமைக்கும் அரசே நிர்ணயிக்கிறது. நோயாளி பொதுவாக 30 விழுக்காடு கட்டுகிறார். மாதச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மிச்சத்தைக் காப்பீடு ஏற்கிறது. டோக்கியோவில் படிக்கும் தமிழ் மாணவரும் பக்கத்து வீட்டு ஜப்பானியரும் ஒரே குடல்வால் அறுவைக்கு ஒரே கட்டண அட்டவணையின் கீழ் வருகிறார்கள்.

அப்படியானால் ஜப்பானில் அயலாரின் புகார்கள் என்ன? மருத்துவர் விளக்கிச் சொல்வதில்லை, மொழி புரியவில்லை, மூன்று மணி நேரம் காத்திருந்தால் மூன்று நிமிடம் பார்க்கிறார், எக்ஸ்ரேக்கு ஒரு மருத்துவமனை தோல்நோய்க்கு இன்னொன்று என்று அலைய வேண்டியிருக்கிறது. மொழியை நீக்கிவிட்டுப் பார்த்தால் இவற்றில் பல ஜப்பானியரே தங்கள் மருத்துவமனைகளைப் பற்றிச் சொல்லும் புகார்கள். அனுமதி அட்டையின் குறுக்கீடு குறையும் இடத்தில், அயலாரின் ஒப்பீடு உண்மையிலேயே மருத்துவத்தைப் பற்றியதாக மாறத் தொடங்குகிறது. என் வாதத்துக்கு இருக்கும் வலுவான ஆதாரம் இதுவே.

6. எதிர்வாதம்

குடிமக்கள் வரியிலிருந்து வரும் மானியத்தைக் குடிமக்களுக்கென்று வைத்துக்கொள்ள ஓர் அரசுக்கு உரிமையில்லையா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஜப்பானிலேயே, காப்பீட்டுத் தொகையைக் கட்டாத அயலாரின் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற பேச்சு அண்மையில் வலுத்திருக்கிறது. சிங்கப்பூர் தன் மூத்த குடிமக்களுக்குச் செலவிடும் தொகை ஆண்டுதோறும் ஏறிவருகிறது. அந்த நாட்டில் ஏழைக் குடிமகனும் உண்டு, அவருக்கு சி வகுப்புப் படுக்கை வேண்டும்.

இந்த வாதம் மானியத்தைப் பொறுத்தவரை செல்லும். நான் மேலே காட்டிய பிரச்சினைகளில் பெரும்பாலானவை மானியத்தைப் பற்றியவை அல்ல. உத்தரவாதக் கடிதம், 3 நாள் வரம்பு, பரிசோதனை முடிவு யாருக்குப் போகிறது என்பன பணத்தைவிட அதிகாரத்தைப் பற்றியவை. முழுக் கட்டணத்தையும் காப்பீடு கட்டும் நிலையிலும் அவை தொடர முடியும். மேலும், முதலாளி ஒவ்வோர் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் மாதந்தோறும் அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். அந்த வருவாய் தொழிலாளியின் மருத்துவத்துக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. ஒதுக்கப்பட வேண்டும் என்பது பொருளியல் விதியன்று, அரசியல் கோரிக்கை. அதை அப்படியே வைப்பதுதான் நேர்மை.

7. கணக்கில் வராதவர்கள்

அயலாரின் ஒப்பீட்டில் கடைசியாக ஒரு தேர்வுப் பிழை உண்டு. வளைகுடாவுக்குப் போகிறவர் சென்னையிலோ திருச்சியிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மெடிக்கல் முடித்து 'ஃபிட்' என்று வாங்கியபின்தான் விமானம் ஏறுகிறார். சிங்கப்பூரில் இறங்கியபின்னும் பரிசோதனை உண்டு. காசநோயோ வேறு நோயோ தெரிந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். இளைஞர், நோயற்றவர், வடிகட்டப்பட்டவர். இப்படிப்பட்டவருக்கு எந்த நாட்டு மருத்துவமனையும் தேவைப்படாத வரை நல்லதாகவே தோன்றும். பெரிதாக நோய் கண்டவரோ பெரும்பாலும் அந்த நாட்டில் இருப்பதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவரும் முதுகுத்தண்டு அடிபட்டவரும் விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டு, மதுரை இராஜாஜி மருத்துவமனையிலோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலோ சிகிச்சையைத் தொடர்கிறார்கள். அந்தச் செலவு தமிழ்நாட்டின் கணக்கில் ஏறுகிறது. குணமாகாத நோயாளி வெளிநாட்டு மருத்துவமனையின் புள்ளிவிவரத்திலிருந்து விலகிவிடுகிறார்.

இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப வந்தது. 2017இல் திருத்தப்பட்ட வடிவில் விபத்து மரணத்துக்கோ நிரந்தர ஊனத்துக்கோ 10 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய், சந்தா இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். ஆனால் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டோடு, அந்தச் சோதனைப் பட்டியலில் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் அது கட்டாயம். குவைத்தும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சிங்கப்பூர் இல்லை. அங்கே சட்டமும் மருத்துவமும் நன்றாக இருக்கின்றன, தனிப் பாதுகாப்பு தேவையில்லை என்பது இதன் பின்னுள்ள அனுமானமாக இருக்கலாம். அப்படியானால் நாட்டுக்கு ஓர் எண் தரும் தரவரிசையின் பிழையை நம் அரசும் செய்கிறது. புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சிங்கப்பூர் போகும் கட்டுமானத் தொழிலாளி அந்த அனுமானத்தின் விலையைக் காயம்பட்டுத் திரும்பிய பிறகு, அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் பேருந்துக் கட்டணம் தேடும்போது கொடுக்கிறார்.